எவடம் என்று கேட்காத அறிமுகம்: எங்கள் வட்டத்தின் புதிய செயற்குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் எங்கள் சமயச்சார்பற்ற மாணவர் வட்டத்துக்குப் புதிய செயற்குழு தெரிவாகி மூன்று வாரமாகிறது. கன்ரீனில், நூலகப் படிக்கட்டில், விடுதி வாசலில் என்று எங்கே நின்றாலும் யாராவது வந்து "இந்தமுறை ஆர் தலைவர்? என்ன செய்யப் போகினம்?" என்று கேட்கிறார்கள். போன வருடம் செயலாளராக இருந்தவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி மாளவில்லை. அதனால் வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்துப் பதிலோடு எழுதிவைக்கிறேன்.

தலைவர்களை அறிமுகம் செய்கிறீர்கள், ஆனால் பெயரும் ஊரும் எங்கே?

இதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் பெயருக்கு அடுத்தபடியாக வருவது "எவடம்?", அதாவது எந்த இடம், என்ற கேள்வி. ஊரைச் சொன்னால் "அதிலை எவடத்தடி?" என்பார்கள். குறிச்சியைச் சொன்னால் "எந்தக் கோயிலடி?" என்பார்கள். மூன்றாவது பதிலோடு கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். சாதி என்ற சொல் ஒருவர் வாயிலும் வந்திராது. பெயரும் அப்படித்தான். சைவமா, வேதமா (கிறிஸ்தவமா), இஸ்லாமா என்று பாதிப் பெயரைக் கேட்கும்போதே விளங்கிவிடும்.

எங்கள் யாப்பின் இரண்டாவது விதி இதைப் பற்றியது. ஒருவரை அறிமுகப்படுத்தும்போது அவர் செய்யும் வேலையைச் சொல்லலாம், படிக்கும் பாடத்தைச் சொல்லலாம். ஊர், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் அவராக விரும்பிச் சொன்னால் மட்டும்தான். வட்டத்தைத் தொடங்கியவர்கள் இந்த விதிக்காக இரண்டு கூட்டம் முழுக்க வாதாடினார்கள் என்று கூட்டறிக்கைக் கொப்பியில் இருக்கிறது. நான் வாசித்த பக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பக்கம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. செயற்குழுவில் இரண்டு பேர் இந்த வட்டத்தில் இருப்பது அவர்களின் வீட்டுக்கு இன்னும் தெரியாது. ஒரு பெயரை எழுதினால் அது பெரியம்மாவின் தொலைபேசிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போக ஒரு மணித்தியாலம் போதும். எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த உரிமையை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்ப இது நாத்திகர் சங்கமா?

இல்லை. கடவுள் இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாது என்பவர்கள் இருக்கிறார்கள். விரதம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வட்டத்துக்குள் வரும்போது ஒன்றைத்தான் ஒப்புக்கொள்கிறோம்: எந்த விடயத்தையும் கேள்வி கேட்கலாம், "எங்கள் சமயத்தில் அப்படித்தான்" என்பதை மட்டும் பதிலாக வைத்து வாதத்தை முடிக்க முடியாது.

நாங்கள் இருக்கும் இடத்தையும் மறக்கக் கூடாது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பிள்ளைகளுக்காக 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் வந்தது. அதன் முதல் தலைவராக இருந்த பேராசிரியர் கைலாசபதி மார்க்சியர். பரமேஸ்வரன் கோயில் அன்றும் உள்ளே இருந்தது, இன்றும் இருக்கிறது. பூசை மணி கேட்கும்போது எங்கள் கூட்டத்தில் யாராவது எழுந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து வாதாடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

புதிய தலைவர் எப்படிப்பட்டவர்?

விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருட மாணவி. மேடையில் நன்றாகப் பேசுவாரா என்றால் சுமார்தான். ஆனால் அவரை நாங்கள் தெரிவு செய்தது வேறு ஒரு காரணத்துக்காக. கூட்டத்தில் அவர் மடியில் ஒரு கொப்பி இருக்கும். அதில் வந்திருப்பவர்களின் பெயரை வரிசையாக எழுதி, பேசியவர்களுக்கு நேரே ஒரு சின்னக் கோடு போடுவார். பாதி நேரம் போனதும் கோடு விழாத பெயர்களைப் பார்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று மெதுவாகக் கேட்பார். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவார். அடுத்த கிழமை மறக்காமல் திரும்பக் கேட்பார்.

துடக்கு பற்றி ஒரு கூட்டம் வைத்தோம். மாதவிலக்கு நாட்களில் சாமியறைக்குப் போகக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது, சில வீடுகளில் கிணற்றடிக்கே போகக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது, ஆனால் ஒருவரும் வாய்விட்டுப் பேசாதது. மருத்துவ பீட மாணவி ஒருவர் கருப்பையின் உட்சுவர் எப்படி வளர்ந்து, கரு தங்காதபோது எப்படிக் கழிகிறது என்று படம் கீறி விளக்கினார். "இதிலை அழுக்கு எங்கை இருக்கு?" என்று கேட்டுவிட்டு இருந்தார். பெடியள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த மௌனத்தைத் தாங்காமல் ஏதாவது பேசியிருப்பார்கள், நானும்தான். தலைவி ஒன்றும் பேசவில்லை, காத்திருந்தார். கடைசியில் பின்னால் இருந்த முதலாம் வருடப் பெடியன் ஒருவன், "என்ர தங்கச்சி ஏன் சில நாளிலை சாமியறைக்குள்ளை வாறேல்லை எண்டு நான் ஒருநாளும் யோசிச்சதில்லை" என்றான். அன்றைய கூட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

செயலாளர்?

கலைப்பீடம், இரண்டாம் வருடம், புள்ளிவிபரவியலும் ஒரு பாடம். கூட்டறிக்கை எழுதுவதில் எனக்கு இருந்த சோம்பல் அவருக்கு இல்லை. ராசிபலன் சோதனை அவருடைய யோசனை. வார இதழில் வந்த போன கிழமைப் பலன்கள் பன்னிரண்டையும் வெட்டி, மேலே இருந்த ராசிப் பெயர்களைக் கத்தரித்துவிட்டு, கலைத்து ஒட்டிப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். "உங்களுக்குப் போன கிழமை எப்படிப் போனதோ, அதுக்குப் பொருந்திற பலனைத் தெரிவு செய்யுங்கோ." எல்லோரும் யோசித்து யோசித்துத் தெரிவு செய்தோம். திறந்து பார்த்தபோது தன் ராசியையே தெரிவு செய்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் சொன்னது. "அந்த ஒண்டு ரெண்டு பேருக்குச் சரிவந்ததே" என்று ஒருவர் கேட்டார். செயலாளர் சுண்ணக்கட்டியை எடுத்தார். பன்னிரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும், 24 பேர் எடுத்தால் சராசரியாக 2 பேருக்குச் சரிவரும். அந்த இரண்டு பேரும் தங்களுக்குப் பலித்த கதையை ஊர் முழுக்கச் சொல்வார்கள், மற்ற 22 பேரும் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: ஒரு நாள் சோதனையை வைத்து நாங்களும் பெரிதாக ஒன்றும் நிரூபித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. அந்த நேர்மைக்காகத்தான் அவருக்கு வாக்குப் போட்டேன்.

அன்று இருந்தவர்களில் செவ்வாய் தோசம் என்று இரண்டு சம்பந்தம் தட்டிப்போன அக்காவைக் கொண்ட ஒருவரும் இருந்தார். அவருக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

பொருளாளர்?

முகாமைத்துவ பீடம். ஆளுக்கு மாதம் 50 ரூபா. பணம் மலிபன் பிஸ்கற் ரின்னுக்குள், கணக்கு சுவரில். பிளேன்ரீக்கு எவ்வளவு, பிரதிக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று மாதக் கடைசியில் ஒட்டிவிடுவார். வழமைபோல ஒரு விரிவுரையாளர் பெரும்பொருளாளராக இருந்து கணக்கைப் பார்த்துக் கையொப்பம் இடுகிறார். சமய நிறுவனத்திடமோ கட்சியிடமோ ஒரு சதமும் வாங்குவதில்லை.

சாமி கும்பிடுகிற ஒருவர் இதில் பதவிக்கு வரலாமா?

வந்திருக்கிறார். இந்த வருட உபதலைவர் அப்படிப்பட்டவர். "இதை மறைக்காமல் எழுதுங்கோ" என்று அவரே கேட்டதால் எழுதுகிறேன். நல்லூர் கொடியேறினால் 25 நாளும் சைவம், தேருக்கு முதல் நாள் இரவு நித்திரை இல்லை. அந்த நாட்களில் கூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் எங்களில் பாதிப் பேரின் வீடுகளிலும் திருவிழா வேலை. அவர் வட்டத்துக்கு வந்த காரணத்தைக் கேட்டபோது சொன்னார்: "நான் கும்பிடுறது என்ர விருப்பம். அதை இன்னொருத்தர் உள்ளை வரக் கூடாது எண்டதுக்குப் பாவிச்சால் எனக்குக் கோவம் வரும்."

அவர் உபதலைவராக வந்ததற்கு எங்கள் பிழை ஒன்றும் காரணம். இரண்டு வருடத்துக்கு முன், அப்போது செயற்குழுவில் இருந்த ஒருவர், திருநீறு பூசிக்கொண்டு முதல் தடவை வந்த மாணவி ஒருத்தியை எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். நாங்கள் சிலர் சிரித்தோம். அவள் கூட்டம் முடியும்வரை தலை குனிந்து இருந்துவிட்டுப் போனாள், பிறகு வரவில்லை. அடுத்த கிழமை தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம், அதற்குப் பிறகும் வரவில்லை. நம்பிக்கையை விசாரிக்கலாம், நம்புகிறவரை இழிவுபடுத்தக் கூடாது என்ற விதி அந்த மாதம்தான் யாப்பில் சேர்ந்தது. கூட்டத்தில் யாராவது எல்லை தாண்டினால் நிறுத்துகிற பொறுப்பு உபதலைவருடையது. அதை நம்புகிற ஒருவர் செய்வது எங்களுக்குப் பொருத்தமாகப் பட்டது.

தெரிவு எப்படி நடக்கிறது?

வருடத்தில் ஒருமுறை, கிழித்த கொப்பித் தாளில், இரகசிய வாக்கு. தன்னைத் தானே முன்மொழிய முடியாது. ஒரு பதவியில் ஒரு வருடம்தான். பதவி விட்டவர் அடுத்த மூன்று மாதம் புதியவருக்குப் பக்கத்தில் இருந்து வேலை பழக்க வேண்டும். இந்தக் கேள்வி பதிலும் அப்படி எனக்கு விழுந்த வேலைதான்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மாமாக்கள். அவர்களுக்கு மரியாதையோடு ஒரு பழைய கதை சொல்ல விரும்புகிறேன். 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலான இளைஞர்கள் இங்கே மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பிறகு அதுவே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. சைவர்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக இருந்த அமைப்பு. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்ததும் அவர்களுடைய அழைப்பில்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கில் இருக்கக் கூடாது, தரையில்தான் இருக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், சம ஆசனம் வேண்டும் என்று நின்றவர்கள் அவர்கள். எங்களுடைய பூட்டன்மாரின் வயது. அதை வெளிநாட்டுப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது?

ஆபிரகாம் கோவூரை எடுங்கள். கேரளத்தில் பிறந்தவர், 1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தார். பின்னாளில் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் சாகும்வரை ஒருவரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. கண்களைத் தானம் செய்தார், உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்தார்.

சாதி காட்டி ஒதுக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்த பிறகும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் எல்லோருக்கும் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்கள், 1968இல் உள்ளே போகும் உரிமை கேட்டு மாவிட்டபுரம் கோயில் வாசலில் இருந்தவர்கள், எல்லோரும் இந்த மண்ணின் ஆட்கள். எங்கள் கூட்டங்களில் ஒவ்வொரு வருடமும் ஒக்ரோபரில் அந்த ஊர்வலத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

செப்டெம்பர் 21 அன்று இன்னொருவரை நினைக்கிறோம். இங்கே உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, 1989இல் சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் வைத்திருந்த எல்லாத் தரப்பையும் பார்த்துக் கேள்வி கேட்டவர். அன்று நாங்கள் பேச்சு வைப்பதில்லை, அவர் எழுதியதிலிருந்து ஒரு பக்கம் வாசித்துவிட்டுக் கலைவோம்.

சட்டப்படி பிரச்சினை ஏதும் வராதா?

1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ வைத்திருக்கலாம், ஏற்கலாம். பேச்சுக்கும் ஒன்று கூடுவதற்கும் 14ஆம் உறுப்புரை இருக்கிறது. அவற்றுக்குச் சட்டத்தால் கட்டுப்பாடு போட முடியும். 10ஆம் உறுப்புரைக்கு அப்படி முடியாது. அதே நேரம், மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். பதவி ஏற்கும் ஒவ்வொருவரும் இந்தப் பகுதிகளைத் தமிழில் வாசித்துவிட்டுத்தான் கையொப்பம் இடுகிறார்கள்.

முஸ்லிம், சிங்கள மாணவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் வைக்காததற்கு அதுவும் காரணம். சிங்கள மாணவர்கள் வந்தால் பாதியை ஆங்கிலத்தில் பேசுகிறோம், தட்டுத்தடுமாறித்தான். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதைப் பற்றி எங்கள் வட்டத்தில் பேசலாம், பேசியிருக்கிறோம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், தன் உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பை இன்னும் வைத்திருப்பதைச் சொன்னார். தமிழ் மாணவர்களாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எங்களுக்குச் சுலபமாக இருக்கவில்லை. கேட்க வேண்டியது எங்கள் கடமை என்று நான் நினைக்கிறேன்.

மாணவர் ஒன்றியத்தோடு, கட்சிகளோடு தொடர்பு?

இல்லை. உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் எங்கும் இருக்கலாம்.

சீனியர்களுக்குப் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். எங்கள் கூட்டத்தில் முதலாம் வருடமும் இறுதி வருடமும் ஒரே பாயில்தான் இருக்கிறார்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிடுவது உங்கள் விருப்பம்.

வீட்டில் தெரிந்தால் என்ன செய்வது?

இதைக் கேட்பவர்கள் சத்தமாகக் கேட்பதில்லை. எல்லோரும் போன பிறகு, சைக்கிளைத் திறந்துகொண்டு நிற்கும்போது கேட்பார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு நம்பிக்கை போய் இரண்டு வருடமாகியிருந்த நேரம் அம்மம்மா செத்துப்போனா. செத்தவீட்டில் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க வேண்டும். சின்னத் தடியில் துணி சுற்றி நெய்யில் தோய்த்த பந்தம். ஐயர் கையில் தந்தார். பிடிக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டுமோ என்று ஒரு கணம் நினைத்தேன். எதிரே அம்மா நின்றா, அழுது அழுது முகம் வீங்கி. பிடித்தேன். கை நடுங்கியதில் உருகிய நெய் விரலில் வடிந்து சுட்டது. சுற்றி வந்தபோது, சின்ன வயதில் அம்மம்மா எனக்குத் தோசையில் நெய் பூசித் தந்த மணம்தான் வந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோது குற்றவாளி மாதிரி இருந்தது. அப்போதைய தலைவரான அக்காவிடம் சொன்னேன், நான் பொய்யாக நடந்துவிட்டேன் என்று. அவ கேட்டா: "அம்மம்மாவில உமக்கு இருந்த அன்பு பொய்யோ?" இல்லை என்றேன். "அப்ப எதுக்கு அழுறீர்?" அவ்வளவுதான் பேச்சு. பிறகு பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றா.

அதனால் யாரையும் வீட்டில் போய்ச் சொல்லும்படி இந்த வட்டம் தள்ளாது. விடுதிச் செலவுக்கும் படிப்புக்கும் வீட்டை நம்பியிருக்கும் பிள்ளைக்கு, "தைரியமாகச் சொல்லு" என்று புத்தி சொல்வது பொறுப்பில்லாத வேலை. சொல்ல வேண்டும் என்று நீங்களே முடிவெடுத்தால், என்ன சொல்லலாம் என்று கூட இருந்து யோசிப்போம். கோவில் வேண்டாம் என்றதை அம்மா "அம்மா வேண்டாம்" என்று விளங்கிக்கொள்ளக்கூடும், பலர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொன்னவர்களின் வீடுகளில் காரியம் சுமுகமாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். சிலர் வீட்டில் போகவில்லை. ஒருவருக்கு அப்பா ஐந்து மாதம் கதைக்கவில்லை. அந்த ஐந்து மாதமும் புதிய தலைவிதான் ஞாயிறு தவறாமல் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு கொடுத்தார். இதையும் அறிமுகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகள் இரவு தங்க வேண்டி வருமா?

வராது. ஊருக்குப் போகிறவர்கள் பஸ் பிடிக்க வசதியாக ஐந்தரைக்கு முன் முடித்துவிடுவோம். வாதம் பாதியில் நின்றால் அடுத்த கிழமைக்கு.

சேர என்ன செய்ய வேண்டும்?

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாருங்கள். படிவம் இல்லை. மூன்று கூட்டம் வந்து பார்த்துவிட்டு, விருப்பம் என்றால் பொருளாளரிடம் 50 ரூபா கொடுத்துப் பெயர் பதியலாம். அந்தப் பெயர் உங்கள் சொந்தப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கடதாசிக் கோப்பை வாங்குவதை இந்த வருடம் பொருளாளர் நிறுத்திவிட்டார், எனவே பிளேன்ரீக்கு ஒரு கப் கொண்டுவாருங்கள்.